கேமரா பாக்க வந்தவங்க சொன்னது

நான் கோர்ட்ல டைப்பிஸ்டா இருந்து ரிட்டையர் ஆனவ. சாட்சி சொல்றதைக் கேட்டுக் கேட்டு அடிச்ச கை இது. பொய் சொல்ற ஆள் எந்த இடத்துல இருமுவான், எந்த இடத்துல தண்ணி கேப்பான்னு எனக்கு அத்துப்படி. அதனால 'கதை விடறா'ன்னு யாரும் என்கிட்ட வராதீங்க. நடந்ததை நடந்த மாதிரி சொல்றேன். நம்பறவங்க நம்புங்க. நம்ப முடியாதவங்க நிம்மதியாத் தூங்குங்க, நான் உங்களைப் பாத்துப் பொறாமைப்பட்டுக்கறேன்.

விஷயம் எங்க வீட்டுக்காரரோட கேமரா.

ரிட்டையர் ஆன கையோட மனுஷனுக்கு போட்டோ பைத்தியம் பிடிச்சுது. கேமரா ஒண்ணு, லென்ஸ் ரெண்டு, ஃபிளாஷ், மூணு கால் ஸ்டாண்டு. எல்லாத்தையும் வைக்க ஒரு கறுப்புப் பை. அதுக்குள்ள மெத்து மெத்துன்னு அறை அறையாத் தடுத்திருக்கும். தூசி தட்டலாம்னு நான் தொட்டாப் போச்சு, "ஏய், லென்ஸ்ல கை படும்!"னு பதறி அடிச்சு ஓடி வருவார். என்னைப் பாத்து ஒரு நாளும் அப்படிப் பதறினது கிடையாது. தெருவுல யார் வீட்டுல என்ன விசேஷம்னாலும் இவர்தான் ஓசி போட்டோகிராபர். எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, "நெட்டையா இருக்கறவங்க பின்னாடி போங்க"ன்னு அதிகாரம் பண்ணும்போது அந்த முகத்தைப் பாக்கணுமே!

அப்புறம்தான் வயித்துல அந்த ஆபரேஷன்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. வீட்டுக்கும் வந்துட்டார். ஆனா எழுந்திரிக்கல. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார், "காயம் ஆறிடுச்சும்மா. ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவருக்குத்தான் மனசே இல்ல. அவர் மனசுக்கு எதிரா எதுவும் பண்ணாதீங்க, பேச்சுக் குடுத்துட்டே இருங்க." பேச்சுக்கா என்கிட்ட பஞ்சம்? மூணு பேர் பேச்சை நான் ஒருத்தியே பேசினேன். அவர் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். கஞ்சி ரெண்டு ஸ்பூன் உள்ள போறதே பெரும்பாடா இருந்துச்சு.

ஒரு நாள் காலையில அவரே பேசினார்.

"அந்தக் கேமராவை வித்துடு."

"ஏன்? அது என்ன சோறா கேக்குது?"

"இனிமே எனக்கு எதுக்கு அது? யாருக்காவது உபயோகப்படட்டும்."

மாட்டேன்னேன். மறுநாள் கண்ணு முழிச்சதும், "போச்சா?"ன்னார். அதுக்கு மறுநாளும் அதே கேள்வி. அவர் வாயில வர்ற ஒரே வார்த்தை அதுதான்னு ஆயிடுச்சு. சரி, அவர் மனசு குளிரட்டும்னு எங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். 'நல்ல நிலைமையில் உள்ள கேமரா செட். வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.' போட்டுட்டு சமையக்கட்டுல உக்காந்து அழுதேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க. அந்த மனுஷன் எழுந்து உக்காந்து, காப்பி ஆறிடுச்சுன்னு என்கிட்ட ஒரு சண்டை போட்டாப் போதும். அவ்வளவுதான் கேட்டேன்.

எங்க வீட்டு அமைப்பைச் சொல்லிடறேன். மாடிப்படி ஏறி வந்தா வாசக்கதவு. உள்ள வந்தா ஹால். ஹாலுக்கு நடுவுல சாப்பாட்டு மேஜை. அதைத் தாண்டி, வாசக்கதவுக்கு நேர் எதிரே அவர் படுத்திருக்கற ரூம். முன்னப்பின்ன தெரியாதவங்க வர்றாங்கன்னா நான் வாசக்கதவை அகலமாத் திறந்து வச்சிடுவேன். வீட்டுக்காரர் படுத்த படுக்கை. ஏதாவது ஒண்ணுன்னா என் குரல் எதிர் வீட்டுக்குக் கேக்கணும் இல்லையா?

முதல்ல வந்தது தையல்கடை அம்மா. தச்ச பிளவுஸையெல்லாம் போட்டோ எடுத்து ஆன்லைன்ல போடணுமாம். சாயங்காலம் வந்தாங்க, இன்னும் விளக்குப் போடல. சோபாவுல உக்காந்து கேமராவைக் கண்ணுல வச்சு, நான் சொன்ன பட்டனையெல்லாம் அமுக்கிப் பாத்தாங்க. அப்புறம் கேமராவை எடுக்காமலே கையை ஆட்டினாங்க.

"அக்கா, சாரைக் கொஞ்சம் ஓரமா நிக்கச் சொல்லுங்களேன். குறுக்க நிக்கறாரு."

"எந்த சார்?"

"உங்க வீட்டு சார்தான். ரூம் வாசல்ல நிக்கறாரே..."

திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல. ரூம் கதவுல திரைச்சீலை மட்டும் தொங்குது. அந்தம்மா கேமராவை இறக்கிட்டு, "ஓ, உள்ள போயிட்டாரா? பாவம், ரொம்ப இளைச்சுட்டாரு"ன்னாங்க.

எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? சந்தோஷம்! மனுஷன் தானா எழுந்து நடந்திருக்கார்! டாக்டர் தனியா நடக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாலும் பரவால்ல, திட்டிக்கலாம்னு ரூமுக்கு ஓடினேன்.

அவர் படுத்திருந்தார். போர்வை கழுத்து வரைக்கும். மத்தியானம் நான் மடிச்சுச் செருகின மடிப்பு கூட கலையல. கையைத் தொட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு.

தையல்கடை அம்மா யோசிச்சுச் சொல்றேன்னு போயிட்டாங்க. திரைச்சீலை நிழலைப் பாத்துட்டு ஏதோ உளறிட்டுப் போறாங்கன்னு நான் விட்டுட்டேன். அன்னிக்கு அவர் ஒரு ஸ்பூன் கஞ்சிதான் குடிச்சார்.

மறுநாள் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வந்தார். நல்ல ஆள். வாய்தான் ஓயாது. கார் ஓட்டக் கத்துக்க வர்றவங்களைத் திட்டித் திட்டி குரலே ஹாரன் மாதிரி ஆயிருந்துச்சு. பறவைங்களை போட்டோ எடுக்கணும்னு ஆசையாம். பெரிய லென்ஸை மாட்டித் திருகிட்டே இருந்தவர், திடீர்னு நிமிர்ந்து உக்காந்தார்.

"சார், அப்படியே இருங்க! லேசா ஒரு சிரிப்பு... ம்ஹூம், சிரிக்க மாட்டேங்கறாரே!"

கேமரா சாப்பாட்டு மேஜையைப் பாத்து இருந்துச்சு.

மேஜையில யாரும் இல்ல.

"மாஸ்டர்... யாரைச் சொல்றீங்க?"

"சாரைத்தான் மேடம். உடம்பு முடியலைன்னு சொன்னாங்க, இங்க பாத்தா ஜம்முனு சட்டை பட்டன் போட்டுட்டிருக்காரு. எங்கேயாவது கிளம்பறீங்களா சார்?"

டக்குனு ஒரு சத்தம். படம் எடுத்துட்டார். சிரிச்சுட்டே கேமராவை இறக்கினவர் மேஜையைப் பாத்தார். என்னைப் பாத்தார். மறுபடி கேமராவைத் தூக்கி அதுல பாத்தார். அவர் சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. எடுத்த படத்தை ரெண்டு பேரும் சேர்ந்து பாத்தோம். காலி நாற்காலி. மேஜையை விட்டுக் கொஞ்சம் பின்னாடி தள்ளி இருந்துச்சு, யாரோ எழுந்துக்கப் போற மாதிரி.

அவ்வளவு பேசற மனுஷன் ஒரு வார்த்தை பேசல. செருப்பைக் கையில தூக்கிட்டுப் படி இறங்கினார்.

நான் அந்தக் கேமராவை எடுத்துக் கண்ணுல வச்சேன். மேஜையைப் பாத்தேன். ஹாலை ஒரு சுத்து சுத்திப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. ஊரான் கண்ணுக்கெல்லாம் தெரியறார், கூடவே குடித்தனம் பண்ணின எனக்குத் தெரியல. பயத்தை விட எனக்கு அழுகைதான் முட்டிக்கிட்டு வந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி அவர் சாப்பிடவே இல்ல. எழுப்பினேன், உலுக்கினேன். கண்ணு பாதி திறந்துச்சு. டாக்டருக்குப் போன் பண்ணினேன். "நாளைக்குச் சாயங்காலம் நானே வந்து பாக்கறேன்"னார்.

படுக்கைக்குப் பக்கத்துல உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன். முதல் நாள் ரூம் வாசல். ரெண்டாம் நாள் சாப்பாட்டு மேஜை. சட்டை பட்டன்.

அதுக்கு அடுத்தது... வாசக்கதவு.

மனுஷன் கிளம்பிட்டிருக்கார்.

மூணாம் நாள் யாரும் வர வேண்டாம்னு குரூப்ல போட்டேன். கேமராவைப் பைக்குள்ள வச்சு ஜிப்பை இழுத்து மூடினேன். ஆனா மனசு கேக்கல. பூட்டி வச்சா மட்டும் அவர் நிக்கப் போறாரா? எங்க இருக்கார்னு எனக்குத் தெரிஞ்சாத்தானே நான் போய் மறிக்க முடியும்? எனக்குத் தெரியலைன்னா, தெரியற கண்ணு ஒண்ணு வேணும்.

பல் டாக்டர் கிளினிக்ல ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு முன்னாடியே பாக்கணும்னு கேட்டு வச்சிருந்தா. பயந்த சுபாவம் கிடையாது. பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி ஆம்பளைங்க போடற கூச்சலையே சிரிச்சுட்டு சமாளிக்கறவ. அவளுக்குப் போன் போட்டு, "உடனே வாம்மா"ன்னேன்.

மணி ஆறு இருக்கும். கையில டிஃபன் பாக்ஸோட அப்படியே வந்தா. வழக்கம் போல வாசக்கதவை அகலத் திறந்து வச்சேன். அந்தப் பழக்கம் கையோட ஊறினது. யோசிக்கவே இல்ல பாருங்க.

கேமரா வாரைக் கழுத்துல மாட்டிக்கிட்டா. ஜன்னலைப் பாத்தா. காத்தாடியைப் பாத்தா. நான் அவ முகத்தையே பாத்துட்டு நின்னேன்.

"நல்லாத் தெரியுது ஆன்ட்டி. வெளிச்சம் கம்மியா இருந்தாலும்..."

நிறுத்தினா.

"என்னம்மா?"

"அங்கிளுக்கு இப்ப தேவலையா? செருப்பு போட்டுட்டு இருக்காரே."

வெடுக்குன்னு திரும்பிப் பாத்தேன்.

வாசல் பக்கம் செருப்பு ஸ்டாண்டு. அங்க யாரும் இல்ல.

"கேமராவை இறக்காதம்மா."

"ஏன் ஆன்ட்டி?"

"இறக்காத. உன் கால்ல விழறேன். என்ன பண்றார் சொல்லு."

ஒரு கண்ணைக் கேமராவுலயே வச்சுட்டு, இன்னொரு கண்ணைத் திறந்து வாசலைப் பாத்தா. அவளுக்குப் புரிஞ்சு போச்சு.

"ஆன்ட்டி... அங்க..."

"சொல்லு!"

"நிமிர்ந்துட்டார். வீட்டைத் திரும்பிப் பாக்கறார்."

"என்னைப் பாக்கறாரா?"

"இல்ல... சுவரைப் பாக்கறார். மேஜையைப் பாக்கறார். இப்ப..."

"இப்ப?"

"உங்களைப் பாக்கறார்."

ஐயோ, அந்த நிமிஷம்! நான் அவர் இருக்கற பக்கம் கையை நீட்டினேன். வெறும் காத்து. "போகாதீங்க"ன்னேன்.

"திரும்பிட்டார் ஆன்ட்டி. கதவுகிட்ட போறார்..."

கதவு திறந்தே இருந்துச்சு.

நான்தான் திறந்து வச்சிருந்தேன்.

அந்தப் பொண்ணு அதுக்கு மேல தாங்கல. வீல்னு ஒரு சத்தம் போட்டுட்டு, கேமரா கழுத்துல ஆட ஆட வெளியே ஓடினா. படியில தடதடன்னு இறங்கற சத்தம் கேட்டுச்சு.

நானும் வாசலுக்கு ஓடினேன். அவர் இன்னும் உள்ள இருக்காரா, வெளியே போயிட்டாரா, ஒண்ணும் தெரியல. படியில விளக்கு எரியல. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

"ஏங்க! எங்க கிளம்பிட்டீங்க? சொல்லாமக் கொள்ளாமப் போற பழக்கம் எப்பலேருந்து? கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்தேன்.

"உள்ள வாங்க. எனக்கு யாருங்க இருக்கா? உள்ள வாங்கன்னு சொல்றேன்ல!"

கீழேருந்து அந்தப் பொண்ணு ஏதோ கத்தினா. எனக்குக் காதுல விழல. நான் அழுதுட்டே இன்னும் சத்தமாக் கூப்பிட்டேன்.

"வாங்க. வந்து படுங்க. வாங்க..."

சர்...

செருப்புச் சத்தம்.

சர்... சர்...

படியில.

இருட்டுல சத்தம் எந்தப் பக்கம்னு தெரியல. ஆனா கிட்ட வருது.

நான் கதவை ஒட்டி ஒதுங்கி நின்னு வழி விட்டேன்.

என் தோளை உரசிட்டு ஒரு குளிர் உள்ள போச்சு.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

உள் ரூம்ல... இருமல்.

ஓடினேன். அவர் எழுந்து உக்காந்திருந்தார்! தலையணையைத் தானே முதுகுக்கு வச்சுக்கிட்டு, என்னைப் பாத்துட்டு இருந்தார். முகத்துல களை வந்திருந்துச்சு.

"பசிக்குது"ன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் பட்ட பாடு! அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன். கொஞ்ச நேரத்துல டாக்டர் வந்தார். நாடி பாத்தார், பிரஷர் பாத்தார், "என்னம்மா மந்திரம் போட்டீங்க?"ன்னார். ரெண்டு வாரத்துல மனுஷன் ஹால்ல நடக்கறார், மாடிப்படி இறங்கறார், என்கூடக் கடைக்கு வர்றார். தெருவே அதிசயமாப் பாத்துச்சு. நல்லா சாப்பிடறார். பாத்திரம் காலியாகற வரைக்கும் சாப்பிடறார். எனக்கு வாயெல்லாம் பல்லு. எமனையே வாசல்ல நிறுத்தி வச்சுத் திட்டி அனுப்பினவ நான்னு எனக்குள்ளயே ஒரு கர்வம் கூட இருந்துச்சு. கேமரா அந்தப் பொண்ணுகிட்டயே போயிடுச்சு. காசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், தொலையட்டும்னு நான் அவளைக் கூப்பிடல. அவளும் கூப்பிடல.

நேத்து மத்தியானம்தான் போன் வந்துச்சு. அவர் ஹால்ல சாப்பிட்டுட்டு இருந்தார். நான் சமையக்கட்டுல போனை எடுத்தேன்.

"ஆன்ட்டி, கேமராவை உங்க பில்டிங் வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டேன். எனக்கு வேண்டாம்."

"ஏம்மா, நீயே வச்சுக்கோயேன். உன்னாலதான் அவர் திரும்பி வந்தார்."

"ஆன்ட்டி, அன்னிக்கு நான் பாதிப் படியில நின்னுட்டேன். ஓட முடியல. கேமரா கழுத்துலயே இருந்துச்சு. பாக்காம இருக்கவும் முடியல..."

"சொல்லு."

"நீங்க வாசலுக்கு வந்து கூப்பிடறதுக்கு முன்னாடியே அங்கிள் என்னைத் தாண்டிக் கீழ இறங்கிட்டார். நான் உங்களைக் கூப்பிட்டேன். 'அவர் போயிட்டார் ஆன்ட்டி, கூப்பிடாதீங்க'ன்னு கத்தினேன். நீங்க கேக்கல."

"அப்ப... உள்ள வந்தது?"

"நீங்க கூப்பிட்டதும் மேல் படியிலேருந்து ஒருத்தர் இறங்கி வந்தார். கேமராவுலதான் பாத்தேன். வாசல்ல நின்னு என்னை ஒரு தரம் திரும்பிப் பாத்தார். சொல்லாதேங்கற மாதிரி தலையை ஆட்டிட்டு, உள்ள போனார்."

எங்களுக்கு மேல வீடு கிடையாதுங்க. மொட்டை மாடி மட்டும்தான். அந்தக் கதவு துருப்பிடிச்ச பூட்டோட வருஷக்கணக்கா மூடிக் கெடக்கு.

"இதை ஏம்மா இவ்வளவு நாள் சொல்லல?"

"சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். முந்தாநாள் உங்க ரெண்டு பேரையும் மளிகைக் கடையில பாத்தேன் ஆன்ட்டி. நீங்க சாமான் வாங்கிட்டு இருந்தீங்க. அங்கிளுக்கு என்னைத் தெரியவே தெரியாது. அன்னிக்கு அவர் ரூம்லதானே படுத்திருந்தார்? ஆனா என்னைப் பாத்தார். உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னுட்டு... அதே மாதிரி தலையை ஆட்டினார்."

போனை வச்சேன். ஹால்ல தட்டுல விரல் சுரண்டற சத்தம் நின்னுடுச்சு.

"யாரு போன்ல?"

அவர் குரல்தான். அச்சு அசல் அவர் குரல்.

"ராங் நம்பருங்க"ன்னேன்.

அப்புறம் நாற்காலியைப் பின்னாடி தள்ளற சத்தம். சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னார். ரொம்பப் பிரியமாத்தான் கேட்டார்.

"உனக்கு யாரும்மா இருக்கா, என்னை விட்டா?"